பதினேழாவது வீடு

திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்குக் கனிமொழி ஒரு எண்ணைத் தாளில் எழுதி, படம் பிடித்து, 'லேடீஸ் பெட்டி' வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

3608528850368400786036725

இருபத்தைந்து இலக்கம். லட்சம், கோடி, லட்சம் கோடி எல்லாவற்றையும் எப்போதோ பின்னால் விட்டுவிட்டு வந்த எண். அதற்குக் கமா எங்கே போடுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கீழே ஒரு வரி மட்டும் தட்டினாள்: "இருபத்தஞ்சு வீடு. ரெண்டு தடவ சரி பாத்துட்டேன்."

அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு இருபத்தைந்துக்கு நிஷாவிடமிருந்து பதில் வந்தது. "அக்கா, பிரவுசர்ல சின்னதா புரோகிராம் எழுதி ஓட்டிப் பாத்தேனுங்க்கா. பதினாறு வீடு வரைக்கும் சூப்பர். 17ல மீதி 1 வருது." கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்று.

கனிமொழி அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். மறுபடியும் பதினேழா!

இந்த ஆட்டத்தைச் சொல்லாமல் மேலே போனால் படிப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். திருநின்றவூரில் ஏழு நாற்பதுக்கு எடுக்கும் லோக்கலில், பெண்கள் பெட்டியில், இரண்டு வருடமாக நடக்கிறது. ஆரம்பித்து வைத்தவர் பட்டாபிராமில் ஏறும் வசந்தகுமாரி டீச்சர். கணக்கு டீச்சர் இல்லை, சரித்திர டீச்சர். ஒருநாள் இந்து காலேஜ் பக்கம் சிக்னல் விழாமல் வண்டி முக்கால் மணி நேரம் நின்றபோது, பொழுது போகாமல் அவர் கிளப்பிவிட்டது.

விதி எளிது. ஒரு இலக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும். வலது பக்கம் ஒவ்வொரு இலக்கமாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு இலக்கம் ஆனதும் அந்த எண் இரண்டால் மீதியில்லாமல் வகுபட வேண்டும், மூன்று ஆனதும் மூன்றால், நான்கு ஆனதும் நான்கால். மூன்றில் ஆரம்பித்தால் 36 இரண்டால் வகுபடும், 360 மூன்றால், 3608 நான்கால், 36085 ஐந்தால். இப்படியே எவ்வளவு தூரம் போகிறீர்களோ அத்தனை வீடு உங்களுடையது.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஆடிப் பார்த்தால் தெரியும். பத்தாவது வீடு வரை ஏதாவது ஒரு இலக்கம் கட்டாயம் கிடைக்கும். பதினொன்றிலிருந்துதான் வம்பு. கிடைத்தால் ஒன்றே ஒன்று கிடைக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே கிடைக்காது. கிடைக்காவிட்டால் பின்னால் வந்து வேறு வழி பிடிக்க வேண்டும். பன்னிரண்டு வீடு கட்டி, பதின்மூன்றில் முட்டிக்கொண்டு, ஒன்பதாம் வீட்டுக்குத் திரும்பி வந்து, மறுபடி கட்டி, மறுபடி முட்டி... கனிமொழி நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் எல்லாம் இப்படி முட்டிக்கொண்ட எண்களால் நிரப்பியிருந்தாள். வீட்டுக்காரர் மனோகரன், "இன்னைக்கு என்ன தேதின்னு பாக்கணும்னா பழைய பேப்பர்க்காரனத்தான் கேக்கணும் போல" என்று சலித்துக்கொள்வார்.

அதிக வீடு கட்டியவருக்கு ஜன்னலோர இருக்கை. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் பெரம்பூருக்கும் தினம் நசுங்கிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பெட்டியில் எத்தனை கூட்டம் இருந்தாலும் அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். இப்போது அது இருபத்தொரு வீடு கட்டிய டீச்சரிடம் இருந்தது.

ஆடி மாதத்தில் கனிமொழி அதை ஒரே ஒரு நாள் பிடித்தாள். இருபத்திரண்டு வீடு என்று சொன்னாள். பெட்டி முழுக்கக் கைதட்டியது. முறுக்கு வாங்கி எல்லோருக்கும் கொடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்றில் முடி பறக்க அம்பத்தூர் வரை ராணி மாதிரி போனாள். மறுநாள் டீச்சர் கணக்கைச் சரிபார்த்தபோது பதினேழாவது வீட்டில் ஓட்டை. பதினேழு எட்டு நூற்று இருபத்தாறு என்று போட்டிருந்தாள். பத்து குறைவு! அதற்கு மேல் கட்டிய ஐந்து வீடும் பொலபொலவென்று சரிந்துவிட்டது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் படித்த பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு பதினாறோடு நின்றது. வாத்தியார், பதினாறு தெரிந்தால் உலகத்தில் எங்கேயும் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டார். ஆனால் இதையெல்லாம் கேட்கும் ஆளா கமலம்? நெமிலிச்சேரியில் பூக்கூடையோடு ஏறி, பெரம்பூர் வரை பூக்கட்டிக்கொண்டே வரும் கமலம், அன்றே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டாள்: பதினேழு. "இன்னாம்மே பதினேழு, சாப்ட்டியா?" "ஏ பதினேழு, அந்தப் பக்கம் நவுரு." மூன்று மாதத்தில் அவளுடைய நிஜப் பெயர் பாதிப் பேருக்கு மறந்தே போனது.

ஓட்டை தெரிந்த அன்றுதான் புது விதி வந்தது. பொய்யான எண்ணை இரண்டாவது முறை கொண்டு வருகிறவர்களின் பெயர் நோட்டிலிருந்து அடிக்கப்படும். அப்புறம் ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள்.

வெறும் விளையாட்டுதானே என்று சொல்கிறவர்கள் ஒரு வாரம் அவளோடு அம்பத்தூருக்குப் போய் வரட்டும். பம்பு உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. நாள் முழுக்க வால்வை எடுத்து, அளந்து, இந்தப் பெட்டியிலோ அந்தப் பெட்டியிலோ போட வேண்டும். அவள் சரி என்று போட்டதை இன்னொருவர் எடுத்து மறுபடி அளப்பார். வீட்டில் பாக்கி ரூபாயைச் சொன்னால் பையன்கூட ஒருமுறை எண்ணிப் பார்ப்பான். தான் போட்ட ஒரு கணக்கை நாலு பேர், ஒரே ஒரு முறை, சரி என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக அடுப்புக்கு மேலே, எண்ணெய் பிசுக்கில் உரிந்து தொங்கத் தொங்க, பதினேழு முதல் இருபத்தைந்து வரை வாய்ப்பாட்டை எழுதி ஒட்டி, ரசம் கொதிக்கும்போது, தோசை வேகும்போது, மனப்பாடம் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இருபத்தைந்தாவது வீடு கூடி வந்தபோது சமையலறையில் தனியாக ஒரு குதி குதித்தாள்.

இப்போது மீதி ஒன்றாம்.

நெமிலிச்சேரியில் கமலம் ஏறினாள். கூடையை இறக்கி வைக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாம்மே, மறுபடியும் பதினேழுலயே புட்டுகிச்சாமே? அந்தப் பொண்ணு மெஷின்ல போட்டுப் பாத்துச்சாம். என் பேத்தி படிச்சுக் காட்டுச்சு."

"இல்லக்கா. எனக்கு மீதி வரல."

"மெஷினு பொய் சொல்லுமா?"

கனிமொழி மடியில் தாளை வைத்து மூன்றாவது முறையாக வகுத்தாள். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் எழுத்து நெளிந்தது. மீதி பூஜ்யம். நாலாவது முறை. பூஜ்யம். ஆனால் ஆடி மாதத்திலும் இப்படித்தானே ஒவ்வொரு முறையும் பூஜ்யம் வந்தது? தப்பாகக் கற்றுக்கொண்டவளுக்குத் தப்பு எத்தனை முறை பார்த்தாலும் சரியாகத்தானே தெரியும்? ஐந்தாவது முறை ஆரம்பித்தாள்.

பட்டாபிராமில் டீச்சர் ஏறினார். நீல அட்டை போட்ட ஆட்ட நோட்டைப் பையிலிருந்து எடுத்தார். முகத்தில் சங்கடம். "கனி, நான் இன்னும் அடிக்கல. நிஷா வரட்டும், கேட்டுக்கலாம்" என்றார். பேனாவை மட்டும் மூடி திறந்து கையில் வைத்திருந்தார்.

ஆவடியில் ஏறினாள் நிஷா. பொள்ளாச்சிப் பெண், சேக்காட்டில் பிளாட்டில் இருக்கிறாள், அம்பத்தூரில் சாஃப்ட்வேர் வேலை. கெட்ட பெண் இல்லை. ஆனால் விடிகாலையில் யாராவது சந்தேகம் கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட வேண்டும் என்கிற வியாதி அவளுக்கு. கூட்டத்தில் நுழைந்து வந்து, "சாரிங்க்கா" என்றாள் முதலில்.

"சாரி எல்லாம் அப்புறம்" என்றாள் கனிமொழி. தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "உன் மெஷின் எந்த எண்ண வகுத்துச்சு? அத எனக்குக் காட்டு."

"நீங்க அனுப்பினதத்தானுங்க்கா."

"காட்டேன்."

நிஷா லேப்டாப்பைத் திறந்தாள். கமலம் பூக்கூடையை இடுப்பில் ஏற்றி இடம் விட்டாள். திரையில், பதினேழாவது வீட்டில் அந்த மெஷின் எதை வைத்திருக்கிறது என்று கேட்டு ஒரு வரி தட்டினாள் நிஷா. எண் வந்தது.

36085288503684010

கனிமொழி தாளைத் திரையின் பக்கத்தில் பிடித்தாள். விரல் வைத்து மூன்று, ஆறு, பூஜ்யம், எட்டு என்று இலக்கம் இலக்கமாக நகர்ந்தாள். பதினைந்து இலக்கம் அச்சாக ஒத்துப்போனது. கடைசி இரண்டு இடத்தில் விரல் நின்றது.

"நான் குடுத்தது பூஜ்யம் ஏழுல முடியுது. உன் மெஷின் பத்துல முடிக்குது. என் ஏழு எங்க?"

நிஷா திரையைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். அவள் காது நுனி சிவந்ததை டீச்சர் பார்த்தார்.

"ஐயோ" என்றாள். "அக்கா, தப்பு என்னோடதுங்க்கா! நான் எழுதின மாதிரி எழுதினா, இதுல பதினாறு இலக்கம் வரைக்கும்தான் ஒழுங்கா நிக்கும். அதுக்கு மேல போனா முழுசாப் பிடிக்க முடியாது. பக்கத்துல எது தோதா இருக்கோ அத வச்சுக்கும். உள்ள ஒண்ண வச்சுக்கிட்டு வெளிய ஒண்ணக் காட்டும்."

"எங்க ஊட்டு ஓனர் மாரி கீதே" என்றாள் கமலம்.

"பதினாறு வரைக்குமா?" என்றாள் கனிமொழி.

"ஆமாங்க்கா. பதினாறோட சரி."

கனிமொழிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக அடக்கி வைத்த சிரிப்பு. "உன் மெஷினும் எங்க ஸ்கூல்லதான் படிச்சுதா? எங்க வாத்தியாரும் பதினாறோட புக்க மூடிட்டாரு!"

பெட்டியே சிரித்தது. கதவோரம் நின்றிருந்த, ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத பெண்கள்கூடச் சிரித்தார்கள். நிஷாவும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "வேற மாதிரி எழுதினா முழு எண்ணும் நிக்கும். ரெண்டே நிமிஷம், போட்டுத் தந்துடறேன்" என்று விசைப்பலகையில் கை வைத்தாள்.

"கைய எடு" என்றாள் கமலம். "மெஷினு ஒருவாட்டி சொன்னது போதும். நம்ம பொட்டில கையால போட்டாத்தான் கணக்கு. பதினேழு, நீ வாயால சொல்லு. டீச்சர் எழுதட்டும். எல்லாரும் கேக்கட்டும்."

வண்டி அன்னனூரைத் தாண்டியது. கனிமொழி தாளை மடித்துக் கமலத்தின் கூடையில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். எண் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

"முப்பத்தாறுல ரெண்டு தடவ, மீதி ரெண்டு. இருபதுல ஒண்ணு, மீதி மூணு. முப்பத்தெட்டுல ரெண்டு, மீதி நாலு. நாப்பத்தஞ்சுல ரெண்டு, மீதி பதினொண்ணு..."

டீச்சரின் பேனா ஓடியது. நிஷா விரல் விட்டு எண்ணிக்கொண்டே உதட்டுக்குள் சரிபார்த்தாள். கமலத்துக்கு வகுத்தல் தெரியாது. ஆனால் அந்த இருபத்தைந்து இலக்கத்தையும் பேத்தி படித்துக் காட்டிய ஒரே தடவையில் மனசில் வாங்கிவிட்டாள். கனிமொழி ஒவ்வொரு படி இறங்க இறங்க, அடுத்த இலக்கத்தை அவள் எடுத்துக் கொடுத்தாள்: "எறக்கு எட்டு... எறக்கு அஞ்சு... எறக்கு முட்டை."

"நாப்பத்தெட்டுல ரெண்டு, மீதி பதினாலு."

"எறக்கு நாலு."

நூற்று நாற்பத்து நாலு. கனிமொழி நிறுத்தினாள். இதே இடம்தான். இங்கே எட்டு முறை போக வேண்டும். பதினேழு எட்டு. ஆடி மாதத்தில் அவளைக் கவிழ்த்தது இதே பதினேழு எட்டுதான். டீச்சர் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"எட்டு தடவ" என்றாள் கனிமொழி மெதுவாக. "நூத்தி முப்பத்தாறு. மீதி எட்டு."

டீச்சர் எழுதினார். தலையை ஆட்டினார்.

"எம்பதுல நாலு, மீதி பன்னெண்டு. நூத்தி இருபதுல ஏழு, மீதி ஒண்ணு."

"எறக்கு ஏழு" என்று கமலம் கத்தினாள். மெஷின் தின்ற ஏழு!

"பதினேழு" என்றாள் கனிமொழி. கண்ணைத் திறந்துவிட்டாள். "பதினேழுல பதினேழு ஒரு தடவ. மீதி பூஜ்யம்!"

அடடா, அப்போது எழுந்த சத்தத்தைக் கேட்டு அடுத்த பெட்டியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். நிஷா அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து வண்டி அம்பத்தூரில் நின்றது. இருவரும் இறங்க வேண்டிய இடம். நிஷா பையைத் தோளில் மாட்டினாள். கனிமொழி அசையவில்லை.

"இன்னும் எட்டு வீடு பாக்கி இருக்கு" என்றாள்.

நிஷா பையை மறுபடி இறக்கிவிட்டாள். அம்பத்தூர் போய்விட்டது. போகட்டும், எஸ்டேட் எங்கேயும் ஓடிவிடாது.

பதினெட்டை டீச்சர் முடித்தார்: கடைசி இலக்கம் இரட்டை, இலக்கங்களைக் கூட்டினால் எண்பத்தொன்று, ஒன்பதுக்கு அடங்கும். பத்தொன்பதை நிஷா பழைய டிக்கெட்டின் பின்பக்கம் வகுத்தாள், பள்ளிக்கூடத்துக்குப் பிறகு முதன்முறையாக. இருபதுக்குக் கடைசியில் அறுபது, பார்த்தாலே தெரிந்தது. இருபத்தொன்றுக்குக் கனிமொழி. இருபத்திரண்டுக்குக் கடைசி இலக்கம் இரட்டை, பதினொன்றுக்காக இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினார்கள். அந்தப் பக்கம் நாற்பத்தெட்டு, இந்தப் பக்கமும் நாற்பத்தெட்டு! கதவோரம் நின்ற பெண் ஒருத்தி, "இது எப்படிங்க?" என்று நெருங்கி வந்தாள். பதினொன்றால் வகுபடுவதற்கு அதுதான் அடையாளம் என்று நிஷா விளக்கியபோது அவள் மூக்கில் விரல் வைத்தாள். இருபத்துமூன்று மூச்சு வாங்கியது. கொரட்டூரில் ஆரம்பித்தது வில்லிவாக்கத்தில்தான் முடிந்தது. கடைசிப் படியில் இருநூற்று ஏழு, இருபத்துமூன்று ஒன்பது இருநூற்று ஏழு, மீதி இல்லை. இருபத்துநான்கு, சரி. இருபத்தைந்தாவது வீட்டுக்குக் கணக்கே போடவில்லை. எண்ணின் கடைசி இரண்டு இலக்கமே இருபத்தைந்து.

"இருபத்தாறு?" என்றார் டீச்சர். அவர் கண்ணிலும் வெறி ஏறியிருந்தது.

"நேத்தே பாத்தேன் டீச்சர். பூஜ்யத்தப் போட்டு வகுத்தா மீதி பன்னெண்டு வருது. இன்னும் பதினாலு வேணும். ஒரு வீட்டுல ஒம்பதுக்கு மேல எப்படி வைக்கிறது?"

"வேற வழில போனா?"

நிஷா போனில் தேடினாள். தேடத் தேட அவள் கண் விரிந்தது. "அக்கா... இத ஏற்கெனவே கண்டுபிடிச்சிருக்காங்க. இந்த மாதிரி எண்கள் மொத்தமே இருபதாயிரத்து நானூத்தி அம்பத்தாறுதானாம். இருபத்தஞ்சு வீடு இருக்கறது ஒண்ணே ஒண்ணு. இதுதான். இருபத்தாறு கிடையவே கிடையாது."

எல்லோரும் கனிமொழியைப் பார்த்தார்கள். அவள் முகம் வாடிவிடுமோ என்று டீச்சருக்குக் கவலை. எண்களுக்கு முடிவே இல்லை என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த முடிவில்லாத கூட்டத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. அது திருநின்றவூரில், ஒரு நாள்காட்டித் தாளின் பின்பக்கம், ரசம் கொதிக்கும் நேரத்தில் அவளிடம் வந்து நின்றிருக்கிறது. கனிமொழிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"அப்ப நான் கடைசி வீடு வரைக்கும் போயிட்டேன்" என்றாள். "தப்பில்லாம போயிட்டேன்."

டீச்சர் ஜன்னலோர இருக்கையிலிருந்து எழுந்தார். பெரம்பூர் வருவதற்கு இரண்டே நிமிடம்தான் இருந்தது. ஆனாலும் எழுந்தார். கனிமொழி அந்த இரண்டு நிமிடமும் அங்கே உட்கார்ந்தாள். கமலம் ஒரு முழம் மல்லியை அறுத்து, பேரம் இல்லாமல், அவள் தலையில் தானே செருகிவிட்டாள்.

"எனுக்கு அப்பவே தெரியும், பதினேழு ஜெயிச்சுரும்னு" என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

பெரம்பூரில் இறங்கி அம்பத்தூருக்குத் திரும்பி வரும் வண்டியில், ஆட்டக்காரர்களில் கனிமொழியும் நிஷாவும் மட்டும். வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம். பம்பு கம்பெனியில் உதயகுமார் சூப்பர்வைசர் என்ன கத்தப் போகிறாரோ! இருவருக்கும் அதைப் பற்றித் துளியும் பயமில்லை. வண்டியில் கூட்டம் இல்லை, எதிரெதிர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா" என்றாள் நிஷா. "எனக்கும் பதினாறு வரைக்கும்தானுங்க்கா தெரியும். பத்தொம்பதுக்கு ஒவ்வொண்ணாக் கூட்டிக் கூட்டித்தான் போட்டேன்."

"பதினேழு சொல்லலாமா?"

சொன்னார்கள். பதினேழு, முப்பத்து நாலு, ஐம்பத்தொன்று என்று சக்கரத்தின் தாளத்தோடு சேர்ந்தே சொன்னார்கள். ஏழாவதில், நூற்றுப் பத்தொன்பதில், நிஷா தடுமாறி நின்றாள். எட்டாவதை விரல் விட்டுக் கூட்டப் பார்த்தாள்.

கனிமொழி அவளைக் கூட்ட விடவில்லை.

"நூத்தி முப்பத்தாறு!" என்றாள், மொத்தப் பெட்டியும் திரும்பிப் பார்க்கும்படி.